மூவர் என்று சொல்லிக் கொடுத்தேன், நான்காவது ஒருவரும் உண்டு



சமூக அறிவியல் வகுப்பில் ‘செராம்பூர் மூவர்’ என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தது நினைவிருக்கிறதா? வில்லியம் கேரி, ஜோஷுவா மார்ஷ்மேன், வில்லியம் வார்டு. மூன்று பெயரையும் எழுதியவர்களுக்கு முழு மதிப்பெண் போட்டேன். ஆனால் நானே ஒரு பெயரை விட்டுவிட்டேன். அவர் ஹன்னா மார்ஷ்மேன், ஜோஷுவாவின் மனைவி.

1799 அக்டோபரில் கணவர், குழந்தைகளோடு கப்பலில் வந்து வங்காளத்தின் செராம்பூரில் இறங்கியபோது ஹன்னாவுக்கு 32 வயது. மிஷனரிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் எல்லைக்குள் விரும்பவில்லை. செராம்பூரோ நம் தரங்கம்பாடியைப் போல டென்மார்க் அரசின் கையில் இருந்தது. அதனால்தான் இந்த பாப்டிஸ்ட் குழு அங்கே தங்கியது. அடுத்த ஜனவரியில் கேரியும் வந்து சேர்ந்தார்.

அச்சகம் வைக்க வேண்டும், வேதத்தை மொழிபெயர்க்க வேண்டும் என்று ஆசைகள் பெரிது. கையில் பணம் குறைவு. 1800 மே மாதம் மார்ஷ்மேன் தம்பதியர் ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று, பெண் பிள்ளைகளுக்கு ஒன்று என இரண்டு விடுதிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பெண்கள் பள்ளி ஹன்னாவின் பொறுப்பு. யார் சம்பாதித்தாலும் பொதுப் பெட்டிக்கே என்பது அந்தக் குழுவின் விதி. பள்ளிக் கட்டணமும் அதில்தான் போனது. கல்கத்தா கோட்டை வில்லியம் கல்லூரியில் கேரிக்கு வேலை கிடைத்ததெல்லாம் 1801-இல்தான். அதற்கு முன்பே பணிக்குக் கைகொடுத்தது இந்த வகுப்பறை வருமானம்.

கட்டணப் பள்ளிகள் பெரும்பாலும் ஐரோப்பியர் வீட்டுப் பிள்ளைகளுக்கானவை என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் பணி அதோடு நிற்கவில்லை. 1820-களில் செராம்பூரைச் சுற்றி வங்காளப் பெண் குழந்தைகளுக்கும் பள்ளிகள் நடந்தன. பெண்ணைப் படிக்க அனுப்பவே வீடுகள் தயங்கிய காலம் அது.

என்னை மிகவும் தொட்டது வேறொன்று. கேரியின் மனைவி டோரத்தி மனநோயால் துன்பப்பட்டார். கேரியோ எந்நேரமும் மொழிபெயர்ப்பில். பிள்ளைகள் கண்டிப்பாரின்றித் திரிந்தார்கள். ஹன்னாவும் வார்டும்தான் அவர்களை அரவணைத்து வழிக்குக் கொண்டுவந்தார்கள். மூத்தவன் ஃபீலிக்ஸுக்கு அப்போது 14 வயது. அவரே பின்னாளில் வங்காள மொழியில் உடற்கூறியல் நூல் எழுதினார்.

இத்தனைக்கும் ஹன்னா பெற்ற 12 பிள்ளைகளில் பலர் தங்கவில்லை. வார்டு 1823-இலும், கேரி 1834-இலும், கணவர் 1837-இலும் மறைந்தார்கள். மூவருக்கும் பின் வாழ்ந்து, 1847-இல் எண்பதை நெருங்கிய வயதில், அதே செராம்பூரில் ஹன்னா கண்மூடினார்.

மொழிபெயர்த்த நூலின் அட்டையில் பெயர் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்த்தவர், அடுத்தவர் பிள்ளைக்குத் தலை வாரிவிட்டவர் பெயர் எந்த அட்டையிலும் வராது. மூவர் என்று சொல்லிக் கொடுத்தது என் பிழை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். இந்தப் பாடம் வரும்போது நான்காவது பெயரையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். உங்கள் பழைய வாத்தியாருக்காகச் செய்யும் திருத்தமாக அது இருக்கட்டும்.