மூன்று மாதத்துக்கு ஒரு சான்று

'எங்கள் சிறையில் மனநோயுள்ள கைதி யாரும் இல்லை' என்று ஒவ்வொரு சிறை மருத்துவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுதித் தர வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 103ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அப்படி யாராவது இருந்தால், சிகிச்சைக்கு மாற்றாமல் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று வாரியம் கேட்கலாம். இந்த ஒரு தாள் பிறப்பதற்குள் பலருடைய ஆயுள் கரைந்துபோனது.

1982இல், அப்போதைய பீகாரின் ஹசாரிபாக் சிறைக் கைதிகளைப் பற்றி அங்குள்ள இலவச சட்ட உதவிக் குழு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. மனநோய் என்று அடைக்கப்பட்டு, குணமான பிறகும் இருபது, முப்பது ஆண்டுகள் உள்ளேயே கிடந்தவர்கள் அப்போதுதான் வெளியே தெரிந்தார்கள். குற்றமே செய்யாத மனநோயாளியைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993இல், பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் தீர்ப்பு வந்தது.

அதற்குப் பிறகும் அசாமின் மச்சாங் லாலுங் உள்ளேதான் இருந்தார். 1951இல் அவரைப் பிடித்து, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் நலமாகிவிட்டார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டியவரைச் சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே நடக்கவில்லை. 2005இல் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வந்தபோது 54 ஆண்டுகள் போயிருந்தன.

கடிதம் எழுத ஆள் கிடைத்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் எத்தனை பேர்? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்கள் அங்குள்ள மத்திய சிறையில் 5,024 கைதிகளிடம் முறையாகக் கேட்டுப் பார்த்து, 2011இல் அறிக்கை தந்தார்கள். போதைப் பழக்கத்தையும் சேர்த்தால் 79.6 சதவீதம் பேருக்குப் பாதிப்பு. அதை நீக்கினாலும் 27.6 சதவீதம். கத்துகிறவரை வார்டர் கவனித்துவிடுவார். சுவரைப் பார்த்தபடி சாவை நினைத்துக்கொண்டிருப்பவர் 'தொந்தரவில்லாத ஆள்' ஆகிவிடுகிறார். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டால்தான் அவர் தெரிவார். அந்த ஆய்வின் பெரிய கொடை இதுதான்.

ஒரு சிறையில் நான்கில் ஒருவருக்கு மேல் நோய் இருந்தது தெரிந்த பிறகு, 'யாரும் இல்லை' என்ற சான்றை என்னால் அப்படியே நம்ப முடியவில்லை. மாநிலத்துக்குக் குறைந்தது ஒரு சிறையிலாவது மனநல சிகிச்சைப் பிரிவு வேண்டும் என்கிறது சட்டம். ஒன்று எந்த மூலைக்குப் போதும்?

எந்த ஊரில் ஒருவர் கைதானாலும் முதலில் அவரைப் பார்ப்பது காவல் நிலையமும் நீதித்துறை நடுவரும்தான். மனநோயுள்ளவருக்கு இலவச சட்ட உதவி உண்டு என்று அவரிடம் சொல்லும் கடமையை 27ஆம் பிரிவு இவர்கள்மேல் வைத்திருக்கிறது. உங்கள் தெருவில் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் பிடிபட்டால், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போங்கள். நடுவரின் பார்வைக்கும் அதைக் கொண்டுபோங்கள். சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழையுங்கள்.