ஊர் கூடி எடுத்த படம்: ஒடேசா இளைஞர்களின் கதை

உங்க காலேஜ்லயோ ஏரியாவிலயோ ஒரு ஃபிலிம் ஃபெஸ்டிவல் நடத்தணும்னா முதல்ல எதைத் தேடுவீங்க? ஸ்பான்சரைத்தானே? பேனர்ல யார் லோகோ வரணும், ஹால் வாடகையை யார் கட்டுறதுன்னு பேசி முடிக்கறதுக்குள்ள, எந்தப் படம் போடறதுங்கற பேச்சே பின்னால போயிடும்.

1984-ல கோழிக்கோட்டில் சில இளைஞர்கள் இதை அப்படியே திருப்பிப் போட்டாங்க. முதல்ல படத்தைக் காட்டினாங்க. அப்புறம்தான் காசு கேட்டாங்க. அப்படிச் சேர்த்த காசை வச்சு ஒரு முழுநீளப் படமே எடுத்தாங்க. அந்தக் குழுவோட பேர் ஒடேசா. ஐசன்ஸ்டைன் 1925-ல எடுத்த 'பேட்டில்ஷிப் பொட்டம்கின்' படத்தில், ராணுவம் பொதுமக்களைச் சுட்டுத் தள்ளுமே ஒரு படிக்கட்டு, அது இருக்கிற ஊர் ஒடேசா. பேரே சினிமாவில் இருந்துதான் வந்தது.

இந்தக் குழுவின் மையத்தில் இருந்தவர் ஜான் ஆபிரகாம். பாலிவுட் ஹீரோ இல்ல, குழம்பிக்காதீங்க. இவர் புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் படித்த மலையாளி. நமக்கும் இவர் நெருக்கமானவர்தான். 1977-ல வந்த 'அக்ரஹாரத்தில் கழுதை' இவர் இயக்கியது. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். கழுதைக்குட்டியை வளர்க்கிற பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது, எதிர்ப்பும் கிளம்பியது.

அந்த மாதிரி ஒரு படத்துக்கு அப்போ இருந்த பிரச்சினை என்னன்னா, பணம் போட ஒரு தயாரிப்பாளர் வேணும், வாங்க ஒரு விநியோகஸ்தர் வேணும், போட ஒரு தியேட்டர்காரர் மனசு வைக்கணும். இந்த மூணு கதவும் திறந்தாத்தான் படம் நம்மகிட்ட வரும்.

இதுக்கு மாற்றா ஃபிலிம் சொசைட்டிகள் ஏற்கெனவே இருந்தன. 1947-ல கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர் சத்யஜித் ராய், அப்போ அவருக்கு 26 வயசு. 1965-ல திருவனந்தபுரத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 'சித்ரலேகா'வை ஆரம்பித்தார்கள். எல்லாமே இளைஞர்கள் கட்டியவைதான். ஆனா பெரும்பாலும் நகரத்தில், சந்தா கட்டின உறுப்பினர்களுக்கானவை. வயல் வேலை முடிச்சு வர்ற ஒருத்தர் அங்கே போய் உட்கார வழி இல்ல.

ஒடேசா செய்தது, அந்தத் திரையை ஊருக்கே தூக்கிட்டுப் போனது. இதுக்கு உதவியது 16 எம்எம் புரொஜெக்டர். தியேட்டரில் ஓடுற 35 எம்எம் இயந்திரத்துக்குத் தனி அறையே வேணும். 16 எம்எம்மை ஒருத்தர் கையில் தூக்கிடலாம். மின்சாரம், ஒரு வெள்ளைத் துணி, ஒரு இருட்டான மைதானம் இருந்தா போதும். அவங்க காட்டிய படங்களில் ஒன்று சார்லி சாப்ளினின் 'தி கிட்'. 1921-ல வந்த ஊமைப்படம். சப்டைட்டில் படிக்கணும்ங்கற கவலை இல்ல, சின்னப் பசங்க முதல் பாட்டி வரைக்கும் எல்லாருக்கும் புரியும். பார்த்தவங்ககிட்ட ஒரு ரூபா, இல்லைன்னா முடிஞ்சதைக் கேட்டாங்க. வீடு வீடாவும் போனாங்க.

அந்தக் காசில் 1986-ல உருவானதுதான் 'அம்மா அறியான்'. அம்மாவுக்குத் தெரிவிப்பதற்காக, அப்படின்னு அர்த்தம்.

கதை இதுதான். வயநாட்டில் இருந்து டெல்லிக்குக் கிளம்புற புருஷன்ங்கற இளைஞன், வழியில் ஒரு சடலத்தைப் பார்க்கிறான். இறந்தவன் ஹரி, தாளவாத்தியக் கலைஞன். அவனோட அம்மா கொச்சியில் இருக்காங்க. செய்தியை நேர்ல போய்ச் சொல்லணும். போற வழியில் ஹரியைத் தெரிஞ்ச ஒவ்வொருத்தரையும் சேர்த்துக்கறான். ஒருத்தன் நாலு பேர் ஆகி, கடைசியில் ஒரு கூட்டமே அந்த வீட்டு வாசலுக்குப் போகுது.

அந்தக் காலத்துக் கேரளத்தில் இது வெறும் கதையா இருந்திருக்காது. எமர்ஜென்சி நேரத்தில், 1976-ல, கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன் போலீஸ் பிடியில் இறந்தார். அவரோட அப்பா ஈச்சரவாரியர் நீதிமன்றம் போனார். அதன் விளைவா 1977-ல முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக வேண்டியதாச்சு. பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு பெத்தவங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை யாரோடது? படம் அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுக்குது.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. படத்தில் அந்த இளைஞர்கள் ஊர் ஊரா போய் ஆள் சேர்க்கறாங்க. படத்தை எடுத்தவங்களும் ஊர் ஊரா போய்த்தான் ஆள் சேர்த்தாங்க. கதையும் அதை எடுத்த முறையும் ஒண்ணாவே நடந்து போகுது.

'இது கிரவுட்ஃபண்டிங்தானே'ன்னு கேட்கலாம். 1976-லயே ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபா போட்டாங்க. ஆனா அங்கே கூட்டுறவுச் சங்கம்னு ஒரு பெரிய அமைப்பு பின்னால இருந்தது. ஒடேசா இளைஞர்கள் தங்களோட பார்வையாளர்களையே முதல்ல உருவாக்க வேண்டியிருந்தது. இன்னைக்கு நாம லிங்க் அனுப்பறோம், ஏற்கெனவே நம்மளைத் தெரிஞ்சவங்கதான் காசு போடறாங்க. தெரியாத ஊர்ல திரை கட்டறது வேற வேலை.

படம் மதிக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் வேணுவுக்குத் தேசிய விருது கிடைச்சது. ஆனா 1987 மே 31 அன்னைக்கு கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மேலிருந்து விழுந்து ஜான் இறந்தார். வயசு 49. ஒடேசாவில் இருந்தவங்க தொடர்ந்து படம் காட்டினாங்க. ஆனா 'அம்மா அறியான்' மாதிரி இன்னொண்ணு வரல. இதையும் நேர்மையா சொல்லணும். எல்லாருக்கும் சொந்தமான ஒரு முயற்சி, ஒரே மனுஷனோட ஈர்ப்பில் நின்னா, அவர் போனதும் தடுமாறும்.

இருந்தாலும் அந்த இழை அறுந்துடல. படத்தின் எடிட்டர் பீனா பால் பிறகு கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் கலை இயக்குநர் ஆனார். டிசம்பர்ல திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறுற நம்ம ஊர்ப் பசங்க, அந்த நீளமான வரிசையில் நிக்கும்போது, இந்தக் கதையை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

அடுத்த தடவை உங்க ஃபெஸ்டிவலுக்கு ஸ்பான்சர் கிடைக்கலைன்னா நிறுத்திடாதீங்க. ஒரு மொட்டைமாடி, ஒரு வேட்டி, ஒரு புரொஜெக்டர் போதும். பக்கத்துத் தெருவைக் கூப்பிடுங்க. படம் முடிஞ்சதும் உண்டியலை நீட்டுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.