மலையேறிய அன்னையர்

மூணாற்றுத் தேயிலையின் வரலாற்றைப் புரட்டினால், 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து மலையைக் குத்தகைக்குப் பெற்ற ஜான் டேனியல் மன்றோவின் பெயர் முதலில் வரும். தேயிலை நட்ட ஷார்ப் துரையின் பெயர் அடுத்து வரும். முதுவர் தலைவர் ஒருவரின் பெயரே கண்ணன் தேவன் மலைக்கு வாய்த்தது என்பர். இடுப்பில் குழந்தையோடு ஏறிய நம் அன்னையரின் பெயரோ தோட்டத்துப் பேரேட்டோடு நின்றுவிட்டது.

பாலக்காட்டு எல்லையிலுள்ள பெருமாட்டி, சித்தூர் முதலிய ஊர்களின் நிலை வேறு. அச்சமவெளியில் தமிழும் மலையாளமும் தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் புழங்கி வந்தவை. வந்தேறி யார் என்ற வினாவுக்கே அங்கு இடமில்லை. தேவிகுளம் மலைத் தமிழரோ அழைத்து வரப்பட்டவர்கள்.

அழைத்தவர் கங்காணி. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஜில்லாக்களின் வானம் பார்த்த சிற்றூர்களில் அவர் முன்பணம் கொடுப்பார். வாங்கியவர்கள் போடிநாயக்கனூர் வழியே மலையேறுவர். முன்பணம் கூலியிற் கழியுமுன் அடுத்த கடன் வந்து சேரும். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டக்குடிக்குக் கம்பிவடத்தில் இறங்கிய காலத்தில், ஆட்கள் கால்நடையாகவே ஏறினர். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயில் பாதையை அடித்துச் சென்றது, பாதை மீளவில்லை. செடி மட்டும் துளிர்த்தது.

1956 நவம்பர் 1இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது செங்கோட்டையும் கன்னியாகுமரிப் பகுதியும் சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன.

இனி வீட்டைப் பற்றி. தில்லியிலும் பம்பாயிலும் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர்க்கு இது எளிதில் விளங்கும். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. ஓய்வு பெற்றால் இறங்கிவிட வேண்டும். மகனோ மகளோ தோட்டத்தில் பெயர் பதிந்தாலன்றித் தங்க இயலாது. ஆகவே, பிள்ளையைப் படிக்க வைத்து வேறு தொழிலுக்கு அனுப்பிய தாய், தன் கூரையைத் தானே இழக்கத் துணிந்தாள். தெரிந்தே துணிந்தாள். அவள் நாள்தோறும் பறித்த கொழுந்தினும் இத்துணிவையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

2015 செப்டம்பரில் இத்தாய்மார் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் மூணாற்றில் திரண்டபோது, நாளொன்றுக்கு 21 கிலோ கொழுந்து பறித்தால் கூலி 232 ரூபாய். போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருந்தது. தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கித் தாமே போராடினர்; ஒன்பது நாட்களில் 20 விழுக்காடு பெற்றனர். கூலியாக 500 ரூபாய் கேட்டனர். அக்டோபரில் 301 ரூபாய் கிடைத்தது.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களிற் பலர்க்குப் பூர்விகம் கயத்தாறு. தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாற்றில் நிலமும் வீடும் தரப்பட்டன. மூதாதையர் மலையேறி நூறாண்டுக்குப் பின், அக்குடும்பங்கள் சொந்தமென்று மிதித்த மண் அது.