ரப்பர் பட்டை மீன் துடுப்பான கதை

1880-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் ஒரு ரப்பர் பட்டையைத் தொங்கவிட்டு, நுனியில் எடை கட்டி, அதன்மேல் மின்னூட்டம் ஏற்றினார். பட்டை நீண்டது, மின்னூட்டத்தை நீக்கியதும் சுருங்கியது. எக்ஸ் கதிர்களை அவர் கண்டது இதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான். செயற்கைத் தசையின் பிறப்பு அந்தப் பட்டையில் இருக்கிறது.

நூறாண்டுக்கு மேல் அதற்கு வேலை கிடைக்கவில்லை. 1990-களில் கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. ஆய்வகம் அதை மெல்லிய படலமாக்கி, இருபுறமும் நீளக்கூடிய மின்முனை பூசியது. ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்ததும் இரு முகங்களும் ஒன்றையொன்று ஈர்த்து நசுக்க, படலம் மெலிந்து விரிந்தது. 2000-இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அக்ரிலிக் படலம் இரு மடங்குக்கும் மேல் நீண்டது.

இத்தகைய தசைக்குத் தண்ணீர் நல்ல இடம். மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்தாலே துடுப்பு அடிக்கும். மோட்டார் வேண்டாம், ஷாஃப்ட் வெளிவரும் துளையில் நீர் புகாமல் தடுக்கும் சீலும் வேண்டாம். ஆழ்கடலில் கடினமான கூட்டைத்தான் அழுத்தம் நொறுக்கும். உள்ளே காற்றில்லாத மென்மையான உடல் தாங்கிக்கொள்ளும். சீனாவின் ஜெஜியாங் பல்கலைக்கழகக் குழு, நத்தைமீனைப் பார்த்து இத்தகைய தசையோடு செய்த மென்ரோபோ மரியானா அகழியில் 10,900 மீட்டர் ஆழத்தில் துடுப்படித்தது. தென்சீனக் கடலில் 3,224 மீட்டரில் தானாகவே நீந்தியது. 2021-இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது.

இனி தடை தயாரிப்பில்தான். ஒரு தூசி ஒட்டினாலோ, ஓரிடத்தில் தடிமன் குறைந்தாலோ, அங்கேயே மின்சாரம் துளைத்துப் படலம் வீணாகிவிடும். ஆய்வகத்தில் ஒன்று செய்வது வேறு, ஒரே சீராக ஆயிரம் செய்வது வேறு.

அந்த இரண்டாவது வேலைக்குப் பழகிய கைகள் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் இருக்கின்றன. டயர் ஆலைகளில் ரப்பர் கலவையின் நுணுக்கம் தெரிந்தவர்கள். கைப்பேசி ஆலைகளில் தூசியைக் கண்டால் வேலையை நிறுத்துபவர்கள். கடலறிவும் பக்கத்திலேயே உண்டு: பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 6,000 மீட்டர் இறங்கும் 'மத்ஸ்யா' நீர்மூழ்கியை உருவாக்குகிறது, சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த பிளானிஸ் நிறுவனம் நீருக்கடியில் கட்டுமானங்களைச் சோதிக்கும் ஊர்திகளைச் செய்கிறது.

இவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஆழ்கடல் பிறகு இருக்கட்டும். நீர்ச்செடியும் வலைநூலும் ப்ரொபெல்லரில் சுற்றிக்கொள்ளும் நம் ஏரிகளில், செம்பரம்பாக்கத்தின் மதகடியை மெல்ல நீந்திப் பார்க்கும் ஒரு சிறு ஊர்தியை முதலில் செய்யலாம். அதன் தசைப் படலம் ஒரகடத்தில் தயாராக வேண்டும்.