எத்தனை சலவை தாங்கும்?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனை தினமும் தாண்டிப் போறோம். 'சானடோரியம்'னா என்னன்னு யோசிச்சிருக்கீங்களா? 1928இல் டாக்டர் டேவிட் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே தொடங்கிய மருத்துவமனை அது. அப்போ காசநோய்க்கு ஆன்டிபயாட்டிக்கே கிடையாது. துணியில் ஒட்டின கிருமிக்குக் கொதிநீரும் வெயிலும்தான் வைத்தியம்.

அதே லைன்ல கிண்டியில் இறங்கினா ஐஐடி மெட்ராஸ் பக்கம். 2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். அங்கே உருவான மியூஸ் வேரபிள்ஸ் என்ற ஸ்டார்ட்அப், கிருமியைச் செயலிழக்க வைக்கும் நானோ பூச்சைத் துணிக்குக் கொடுக்கலாம்னு அறிவிச்சது. 60 சலவை வரை தாங்கும்னு சொன்னாங்க.

எனக்கு அந்த 60தான் முக்கியமாப் பட்டது. ஏன்னா கிருமியைக் கொல்றது பழைய வித்தை. 1880களிலேயே ஜெர்மனியில் பச்சிளம் குழந்தைகளின் கண்ணில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டாங்க. துவைச்ச பிறகும் வெள்ளி துணியில் தங்கணுமே, அதுதான் கஷ்டம். 2008இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நானோ வெள்ளி சாக்ஸைத் துவைச்சு சோதிச்சாங்க. சிலதில் நாலே சலவையில் வெள்ளி கிட்டத்தட்ட மொத்தமும் தண்ணியோட போயிடுச்சு.

சிக்கல் இதுதான்: வெள்ளி ஈரத்தில் அயனியாகக் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வந்தாதான் பாக்டீரியா சாகும். ரொம்ப இறுக்கி ஒட்டினா வேலை குறையும். லேசா ஒட்டினா சாக்கடைக்குப் போயிடும். இந்த இரண்டுக்கும் நடுவுல ஓர் இடத்தைத் தேடுறதுதான் இந்தத் துணியோட மொத்த வரலாறும்.

அடுத்த தடவை 'ஆன்டிபாக்டீரியல்' லேபிள் ஒட்டின டி-ஷர்ட்டைப் பார்த்தா, விலைக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: எத்தனை சலவை?