தவறான விடையின் மதிப்பு

பிள்ளையின் தவறான விடையை அறியாமை என்று ஒதுக்குவது நமக்கு எளிது. அதனுள் ஓர் ஒழுங்கு உண்டெனக் கண்டவர் சுவிட்சர்லாந்து நாட்டவரான ழான் பியாஜே (1896–1980).

1920-ஆம் ஆண்டையொட்டிப் பாரீஸ் நகரில், பிள்ளைகளுக்கான அறிவுத் தேர்வுகளைச் செப்பனிடும் பணி அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ண வேண்டியவரின் உள்ளம் தவறுகளிலேயே நிலைத்தது. ஏறத்தாழ ஒரே வயதினர் ஒரே வகையில் தவறினர்! பிள்ளை குறைவாகச் சிந்திப்பதில்லை. வேறுவிதமாகச் சிந்திக்கிறது என்று அவர் உணர்ந்தார்.

பின்னாளில் அவர் செய்த சோதனை புகழ்பெற்றது. இரு குவளைகளில் சம அளவு நீர். ஒன்றிலுள்ளதை ஒடுங்கி உயர்ந்த குவளைக்கு மாற்றினால், ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் “இதில்தான் அதிகம்” என்கிறது. ஏழெட்டு வயதில் அதே பிள்ளை, “அதே நீர்தானே!” என்று நகைக்கிறது. இடையில் வளர்ந்தது சிந்தனையின் அமைப்பே.

பியாஜே வகுத்த நான்கு படிநிலைகள் வளரிளம் பருவத்தோடு நிறைவுறுகின்றன. பிற்கால ஆய்வாளர் அவற்றின் வயதெல்லைகளைத் தளர்த்தினர். முதுமையில் விரைவு குறைந்தாலும் சொல்வளம் நெடுநாள் நிலைப்பதையும் காட்டினர்.

எத்தனையோ பிள்ளைகளை “தவறு” என்ற ஒரே சொல்லால் நானும் அமர்த்தியதுண்டு. “ஏன் அப்படி நினைத்தாய்?” என்று கேட்டிருக்கலாம், பிள்ளையின் மனம் திறந்திருக்கும்.