ஒரு சோறு பதமா? புத்தளக் கரையோர முத்துப்பார்ச் சோதனை பற்றிய ஒரு நோக்கு

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாகப் பயின்றுவரும் முதுமொழி. பலருக்குப் பரிமாறுமுன் சிறிதெடுத்துப் பதம் பார்த்தல் அடுக்களையோடு நின்றுவிடும் வழக்கமன்று. புதிய மருந்தொன்றை நாட்டு மக்களுக்கு வழங்குமுன் சிலரிடம் ஆராய்ந்தறிகின்றனர். இணையத்தில் இலட்சக்கணக்கானோர் ஆடும் விளையாட்டின் திருத்திய பதிப்பை வெளியிடுமுன், அதனை ஆக்கியோர் தனியிடத்தில் இயக்கிப் பார்ப்பதோடு, ஆட்டக்காரருள் ஒரு சிலரிடம் முதலிற் கொடுத்துக் குறை காண்கின்றனர். இவையெல்லாம் அண்மைக்காலத்து வழக்கங்கள். ஆயின் இவற்றுக்கு அடிப்படையான முறை, அரச அறிவித்தலோடும் திட்டமான ஒழுங்குகளோடும், நம் நாட்டின் வடமேற்குக் கடலிற் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நிலவியது. அதுவே முத்துப்பார்ச் சோதனை. அச்சோதனை எதனைக் காட்டிற்று, எதனைக் காட்டத் தவறிற்று, அதன் முடிவை மாந்தர் எவ்வாறு கொண்டனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமும் பருவமும்

மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கத்தில், மன்னார்த் தீவுக்குத் தெற்கிலிருந்து சிலாபம் வரையுள்ள கடலடியிற் பாறையும் கடுமணலும் கலந்த மேடுகள் ஆங்காங்கே கிடக்கின்றன. இவற்றையே முத்துக்குளிப்போர் "பார்" என வழங்கினர். பெரிய பார், செவல் பார், மோதரகம் பார், காரைதீவுப் பார், சிலாபப் பார் என்பன அவற்றுட் சில. இன்றைய புத்தள மாவட்டத்தின் வடபகுதியில், வில்பத்துக் காட்டின் ஓரமாக அமைந்த குதிரைமலை, உரோம ஆசிரியர் பிளினி குறிப்பிடும் "இப்பூரோசு" என்னும் துறையாகலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. முத்துக்குளிப்பைச் "சலாபம்" எனக் கூறுதல் தமிழ் வழக்கு. சிலாபம் என்னும் ஊர்ப்பெயரை அச்சொல்லோடு தொடர்புபடுத்துவோரும் உளர்.

முத்துச் சிப்பி விளைந்து பயன்தரும் காலம் மிகக் குறுகியது. ஏறக்குறைய நான்காம் வயதுக்கு முன் அதனை எடுப்பின் முத்துச் சிறுத்திருக்கும்; விலை போகாது. ஆறேழு வயது கடப்பின் சிப்பி இறந்து, முத்து மணலோடு கலந்து மறையும். ஆகவே பாரைத் திறக்கும் ஆண்டைத் தெரிந்துகொள்வதே முத்துக்குளிப்பின் உயிர்நிலையாயிற்று. முந்தினாற் பார் பாழ். பிந்தினாற் பயன் பாழ்.

ஒல்லாந்தர் ஆட்சியில் 1768க்குப் பின் இலங்கைப் பக்கத்துப் பார்களில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1796இற் கரையோரத்தைக் கைப்பற்றிய பிரித்தானியர், நெடுநாள் ஓய்ந்து கிடந்த பார்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து குளிப்பித்துப் பெருவருவாய் கண்டனர். நான்காம் ஆண்டாகிய 1799இல் வருவாய் முந்திய ஆண்டின் ஒரு சிறு பகுதியாக வீழ்ந்தது. பாரின் நிலையை முன்னறிந்து அளவோடு திறக்கவேண்டும் என்னும் பாடத்தை இவ்வீழ்ச்சி நன்கு புகட்டியது எனலாம்.

சோதனை நடைபெற்ற முறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முத்துப்பார்களுக்கெனத் தனிக் கண்காணிப்பாளர் இருந்தார். "இலங்கை முத்துக்குளிப்பு" பற்றி 1843இல் நூல் வெளியிட்ட ஜேம்ஸ் ஸ்ருவேட் அப்பதவியை வகித்தவர்களுள் ஒருவர். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அமைதிக் காலத்திற் கண்காணிப்பாளர் குளிப்போருடன் கடலுக்குச் சென்று பாரைச் சுற்றிப் பல இடங்களில் அவர்களை மூழ்கச்செய்வார். ஒவ்வொரு மூழ்கலிலும் வந்த சிப்பிகளின் தொகையும் வயதும் குறிக்கப்படும். அவற்றைக்கொண்டு பாரிலுள்ள மொத்தச் சிப்பிகளின் தொகை மதிக்கப்படும்.

அதன்பின்னரே உண்மையான பதம் பார்த்தல் தொடங்கும். சில ஆயிரம் சிப்பிகள் கரைசேர்க்கப்பட்டு, அழுகவிடப்பட்டு, கழுவப்பட்டு, முத்துகள் பிரித்தெடுக்கப்படும். அம்முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலிப்பர். முதற் சல்லடைக்கு 20 துளை. இறுதிச் சல்லடைக்கு 1000 துளை. இவ்வாறு பருமன்வழிப் பிரித்த முத்துகளை உருட்சியும் ஒளியும் நோக்கி ஆணி, அணதாரி முதலாகத் தூள் ஈறாகத் தரப்படுத்தித் தேர்ந்த வணிகர் விலை மதிப்பர். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என்னும் அம்மதிப்பும், குளிக்கப்படும் பார், படகுகளின் தொகை, நாட்கணக்கு என்பனவும் அரசாங்க அறிவித்தலாக வெளியாகும். மதிப்புக் குறைந்திருப்பின் பார் திறக்கப்படாது.

இவ்வறிவித்தலை நம்பியே மக்கள் புறப்பட்டனர். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மன்னார் ஆகிய இடங்களிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் குளிப்போர் வந்தனர். இந்தியாவிலிருந்து செட்டிமாரும் பிற வணிகரும் பணத்தோடு வந்தனர். நீருங் கிடைத்தற்கரிய மணற்பரப்பிற் சில வாரங்களுக்குப் பல்லாயிரவர் வாழும் நகரொன்று தோன்றி மறைந்தது. புத்தள மாவட்ட எல்லைக்குச் சற்று வடக்கேயுள்ள மறிச்சுக்கட்டியில் 1906ஆம் ஆண்டு தோன்றிய அத்தகைய நகரிற் பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வுல்வ் அரச அலுவலராகக் கடமையாற்றினார்.

சோதனை பிழைத்தால் இழப்பு யாரைச் சாரும் என்பது ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. குளிப்போனுக்குக் கூலி இல்லை. கொணர்ந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கே அவனுக்கு உரியது. எஞ்சிய இரு பங்கையும் அரசு ஆயிரக் கணக்கில் ஏலமிட்டது. வணிகன் திறவாத சிப்பியையே விலைக்கு வாங்கினான். எனவே அரசு தன் பணத்தை முன்னரே பெற்றுவிட, முத்து இல்லாமற்போகும் இடர் முழுவதும் குளிப்போனையும் வணிகனையுமே சார்ந்தது. கடலடியைத் தாமே காணவியலாத அவர்களுக்குச் சோதனை அறிவித்தல் ஒன்றே கண்ணாக இருந்தது. ஆதலால் சோதனையை ஒழுங்காகச் செய்து அதன் முடிவை மறையாது வெளியிடுதல் அரசு அவர்களுக்குப் பட்ட கடனேயன்றி, காட்டிய சலுகையன்று.

சோதனையின் எல்லை

இத்துணை ஒழுங்கான சோதனையும் பன்முறை பொய்த்தது. 1892 முதல் 1902 வரை பதினோராண்டுகள் முத்துக்குளிப்பே நிகழவில்லை. காரணத்தை அறியுமாறு அரசு விலங்கியற் பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்தது. அவர் ஜேம்ஸ் ஹோர்னெலுடன் 1902இல் இங்கு வந்து பார்களை ஆராய்ந்தார். அவ்வாண்டு மார்ச் மாதத்திற் பெரிய பாரில் இளஞ்சிப்பிகள் எண்ணிலடங்காது செறிந்திருக்கக் கண்டனர். நவம்பர் மாதத்தில் மீண்டும் மூழ்கிப் பார்த்தபோது அவை அனைத்தும் மறைந்திருந்தன. இடையில் வீசிய தென்மேற்குப் பருவக்காற்றின் அலைவேகம் அவற்றை அள்ளிச் சென்றிருந்தது. 1880 முதலான ஏறத்தாழ இருபது ஆண்டுகளிற் பதினொருமுறை சிப்பி படிந்தும் அப்பார் ஒருமுறையேனும் பயன் தரவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். மணற்பெயர்ச்சி, திருக்கை முதலிய மீன்கள், சிப்பியைத் துளைக்கும் உயிர்கள் என அழிவுக்குக் காரணங்கள் பலவாயின.

இதனால் முதுமொழியின் எல்லையும் புலப்படுகின்றது. பானைச் சோறு ஒரே நெருப்பில், ஒரே நீரில், ஒரே வேளையில் வேவது; அதனால் ஒரு சோறு மற்றவற்றுக்குச் சான்றாகின்றது. கடலடி அத்தகையதன்று. ஒரு பாரின் வடபகுதி தென்பகுதிக்குச் சான்றாகாது. மார்ச் மாதத்துச் சிப்பி நவம்பருக்குச் சான்றாகாது.

இவ்வெல்லையை மறந்ததன் விளைவை அடுத்து நிகழ்ந்தவை காட்டுகின்றன. 1903இலும் 1904இலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடிச் சிப்பிகளும், 1905இல் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளும் எடுக்கப்பட்டன. அரசின் வருவாய் 1905இல் 25 இலட்சம் ரூபாவை எட்டியது. இச்செழிப்பைக் கண்டு இலண்டனில் அமைக்கப்பட்ட கம்பனியொன்று 1906இல் முத்துப்பார்களை 20 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. 1907இன் பின் பார்கள் வறண்டன. குத்தகைக் காலம் பாதி கழியுமுன்னரே கம்பனி கலைக்கப்பட்டது. 1925இற் சிறிய அளவில் நிகழ்ந்த ஒன்றே இலங்கைப் பக்கத்தில் அதன்பின் குறிப்பிடத்தக்க முத்துக்குளிப்பாகும். ஓராண்டின் திறப்புக்கென வகுக்கப்பட்ட சான்றை இருபதாண்டுக்கு நீட்டியதே இங்கு நேர்ந்த தவறு. சோதனை பொய்யுரைக்கவில்லை, அது கூறாததையும் கூறியதாக மாந்தரே கொண்டனர்.

அதே கரையில் இன்று

முத்துக்குளிப்பு மறைந்த கரையோரத்தில் 1980களில் இறால் வளர்ப்புப் பெருகியது. சிலாபம், முந்தல், புத்தளம், கற்பிட்டி எனக் களப்புகளின் ஓரமெங்கும் குளங்கள் வெட்டப்பட்டன. ஒல்லாந்தர் கால்வாயும் அதனோடிணைந்த களப்புகளும் பல பண்ணைகளுக்கு நீர் தரும் வாயிலாகவும் கழிவுநீர் ஏற்கும் வாயிலாகவும் ஒருங்கே அமைந்தன. 1996இல் வெண்புள்ளி நோய் இக்குளங்களிற் பரவிப் பெருநாசம் விளைவித்தது. ஒருவர் குளத்தில் விட்ட நோய், நீர்வழியே அயலவர் அனைவரையும் அடைந்தது.

பின்னர் இருவகை ஒழுங்குகள் நடைமுறைக்கு வந்தன. பொரிப்பகக் குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் மாதிரி எடுத்துப் பி.சி.ஆர். முறையில் நோய்க்கிருமி தேடுதல் ஒன்று. கரையோரத்தை வலயங்களாகப் பிரித்து, வலயத்துக்கொரு காலமெனப் பருவ அட்டவணைப்படி குஞ்சு விடுதல் மற்றொன்று. இவ்விரண்டாவது ஒழுங்கு சோதனையின் எல்லையை உணர்ந்ததன் பயன் எனலாம். நூற்றில் ஒரு குஞ்சு நோயுற்ற தொகுதியில் 150 குஞ்சுகளை எடுத்துப் பார்த்தாலும், அவற்றுள் நோயுற்றது ஒன்றேனும் அகப்படாமற்போகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேற்பட்டது. சோதனையில் தப்பிய நோய் ஒரு வலயத்தோடு நிற்பின் இழப்பு தாங்கத்தக்கது. கரையோரம் முழுவதற்கும் பரவின் தாங்கவொண்ணாதது. திருத்திய விளையாட்டைச் சோதித்த பின்னரும் அனைவருக்கும் ஒரே நாளில் வழங்காது, பகுதி பகுதியாக வழங்குவோர் கொண்ட கருத்தும் இதுவேயாம்.

முடிவாக நோக்குமிடத்து, முன்சோதனை எதுவாயினும் அது எவ்விடத்தில், எந்நாளில், எத்துணை அளவில் எடுக்கப்பட்டது என்பதைச் சோதித்தோர் அறிவித்தல் வேண்டும். அவ்வறிவித்தல் இழப்பைச் சுமக்கப்போவோரின் கைக்கு முதலிற் கிட்டுதல் வேண்டும். காலம் மாறினாற் சோதனையும் மீள நிகழ்தல் வேண்டும். இம்மூன்றனுள் முதலிரண்டையும் முத்துப்பார்க் கண்காணிப்பாளர் தம் சல்லடைகளோடும் வர்த்தமானி அறிவித்தலோடும் ஓரளவு நிறைவேற்றினர். மூன்றாவதைப் புறக்கணித்து ஓராண்டுச் சான்றை நீட்டிக்கொண்டது 1906ஆம் ஆண்டுக் குத்தகை. இன்று குளக்கரையில் நின்று குஞ்சு விடும் சிறு பண்ணையாளர், தம் கையிலுள்ள சோதனைச் சான்றிதழ் எந்நாளுக்குரியது என வினவுவாராயின், அவ்வினா நூறாண்டு முன்னர் இக்கரையில் எழுப்பப்படாமற்போன வினாவேயாம்.